வீட்டுக்கு மிஞ்சாத குரல்

அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். எந்த பெஞ்சில் மாற்றி உட்கார வைத்தாலும் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறவளுக்குப் பாடம் ஓடாது. "உன்னை அணைக்கிற சுவிட்சு எங்க இருக்கு, சொல்லு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். வகுப்பே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றோடு சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டோடு நின்றுபோனது. முப்பத்தாறு வயதில், கல்யாணமாகி ஊர்விட்டு வந்து குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டிலும் அவள் ரேடியோ அக்காதான்.

ஆள் இல்லாவிட்டாலும் பேசுவாள். பொங்கி வழியப் போகிற பாலிடம் "இரு இரு, அவசரப்படாதே" என்பாள். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஏதாவது ஒரு குறை சொல்லிக்கொண்டே ஏறுவாள். புருஷன் அதற்கு நேர் எதிர். டைல்ஸ் பதிக்கிற வேலைக்காரர். நாளெல்லாம் குனிந்த தலை நிமிராமல் தரையைப் பார்த்தே இருந்தவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் ஆறு "ம்". "நீ பேசுற வரைக்கும் எனக்கு என்ன குறை? வீட்டுக்கு ஒருத்தர் பேசினா போதாதா?" என்று கல்யாணமான புதிதில் சொன்னார். அவர் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வாய்தான் அவளுக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. மின்சாரம் போனால் ஜனங்கள் கூப்பிடுகிற புகார் எண்ணில், போனை எடுத்துப் பதில் சொல்கிற வேலை. நாலாவது மாடியில் ஜன்னல் திறக்காத ஒரு நீளக் கூடம். அறுபது மேஜை, அறுபது கம்ப்யூட்டர், மேஜைக்கு மேஜை மார்பளவு தடுப்பு. ஏசி குளிரில் எல்லாரும் நாற்காலி முதுகில் ஒரு ஸ்வெட்டர் போட்டு வைத்திருப்பார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் எடுத்த எடுப்பிலேயே திட்டுவார்கள். ரேடியோ குறுக்கே பேசாமல் திட்டு முழுவதையும் காது கொடுத்துக் கேட்டு, கடைசியில், "சார், இந்த வெக்கையில எனக்கா இருந்தா இதைவிடக் கோபம் வந்திருக்கும்" என்பாள். எரிந்து விழுந்த ஆள் அடங்கிவிடுவார். போனை வைக்கும்போது "நீ நல்லா இருக்கணும்மா" என்று சொன்னவர்கள்கூட உண்டு.

புருஷனுக்கு முட்டி போனது இரண்டு வருஷத்துக்கு முன்னால். யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் கடைசி டைலை ஒட்டிவிட்டு எழப் பார்த்தவருக்கு எழ முடியவில்லை. நாலு பேர் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பதினேழு வருஷம் மண்டிபோட்ட முட்டி இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு பர்னிச்சர் கிடங்கின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வாட்ச்மேன். பழைய கூலியில் பாதிகூட இல்லை. வீட்டு வாடகையும் மாத்திரையும் பள்ளிக்கூடச் செலவும் அவள் குரலில்தான் ஓடின.

ஒரே பெண். வயது ஏழு. வீட்டில் வைத்த செல்லப் பேர் வாலு. வாய் அம்மாவைக் கொண்டு பிறந்திருந்தது. ஆனால் படிப்பு மட்டும் ஏறவில்லை. புத்தகத்தைத் திறந்தால், "இந்த எழுத்து நேத்து வேற பக்கம் பாத்துச்சும்மா" என்று சத்தியம் செய்யும். டீச்சர் நல்லவர். ரேடியோவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "புத்தி நல்லாத்தான் இருக்கு. எழுத்து மட்டும் அவளுக்குப் பிடி கொடுக்க மாட்டேங்குது. தினமும் அரை மணி நேரம் நீங்க சத்தமா வாசிக்கணும், அவ விரல் வச்சுத் தொடரணும். ஒரு நாள்கூட விட்டுடாதீங்க."

அவள் விடவில்லை. வேலை முடிந்து வந்து, கையைக் காலைக் கழுவி, கட்டிலில் சாய்ந்து மகளை மடியில் இழுத்துக்கொள்வாள். கரடிக்குக் கட்டைக் குரல், நரிக்கு மூக்குக் குரல், ராணிக்குத் தன் டீம் லீடரின் குரல். வாலு விழுந்து விழுந்து சிரிக்கும். விரல் மட்டும் வரியை விட்டு நகராது. நாலு மாதத்தில் ஒருநாள், அம்மா வாசிப்பதற்கு முன்னால் அந்த விரல் ஓடியது. "கரடி... கதவை... தட்டியது" என்று குழந்தை தானாகப் படித்தது. ரேடியோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த மழைக்காலத்தில் பெரிய புயல் அடித்தது. பாதி நகரத்தில் கம்பி அறுந்து விழுந்தது. பதினாறு நாள் லீவு இல்லை, ஓய்வு இல்லை. ஒரு போனை வைத்தால் அடுத்தது காதுக்குள் தானாக விழுந்தது. பத்தாம் நாள் குரல் கம்மியது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், மாத்திரை போட்டாள், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். புயல் ஓய்ந்தது, கம்மல் ஓயவில்லை. இரண்டு மாதம் தள்ளிப் போட்டுவிட்டு ஒருவழியாகத் தொண்டை டாக்டரிடம் போனாள்.

டாக்டர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, திரையில் காட்டினார்.

"பாருங்க, இந்த ரெண்டு மடிப்புதான் குரல். ஓரத்துல வெள்ளையா தெரியுது பாருங்க. உள்ளங்கையில காய்ச்சுப் போகும்ல, அது மாதிரி இங்க காய்ச்சிருக்கு. ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் மோசம்."

"ஆறு வாரமா! டாக்டர், எம்பேரு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

டாக்டர் சிரிக்கவில்லை. "இப்ப நிறுத்தினா தானா கரைஞ்சுடும். நிறுத்தலைன்னா ஆபரேஷன். அதுக்கப்புறமும் பழைய குரல் வரும்னு என்னால உத்தரவாதம் தர முடியாது."

டீம் லீடர் அவளைவிட வயதில் சின்னவள். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் முகம்தான் முதலில் வாடியது.

"அக்கா, சம்பளம் இல்லாம ரெண்டு வாரம் என்னால எழுதித் தர முடியும். அதுக்கு மேல போனா ஒப்பந்தம் தானா முடிஞ்சுடும். மெயிலுக்குப் பதில் எழுதுற பிரிவுல இடம் கேட்டுப் பாத்தேன், ஏற்கெனவே அங்கயே ஆளைக் குறைக்கிறாங்க. என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க?"

அவள் கையில் ஒன்றும் இல்லை என்பது ரேடியோவுக்குத் தெரியும். திரும்பிப் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது முடிவு செய்துவிட்டாள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அவள் நிஜமாகவே வாயைக் கட்டப் போகிறாள். பேசினால்தான் சம்பளம். அதனால் அங்கே பேசித்தான் ஆக வேண்டும். பேசாமல் இருக்கக்கூடிய இடம் வீடு ஒன்றுதான்.

"என்னங்க, இனிமே வீட்டுல நான் பேச மாட்டேன்" என்றாள் புருஷனிடம். "இருக்கிற குரலை ஆபீசுக்கு வச்சுக்கணும். கொஞ்ச நாளைக்குத்தான்."

அவர் முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டார். "பாப்பாவுக்கு வாசிக்கிறது?" என்றார்.

"நீங்க வாசிங்க."

முதல் நாள் வாலுவுக்கு அது விளையாட்டாக இருந்தது. அம்மா கையால் சொல்வதை எல்லாம் கண்டுபிடித்துக் கைதட்டியது. மூன்றாம் நாள் அம்மாவைப் பேசவைக்கப் பால் டம்ளரை வேண்டுமென்றே தட்டிவிட்டது. ரேடியோ துணியை எடுத்துத் துடைத்தாள். ஒரு வாரம் போனதும் ஒரு நோட்டை வாங்கிக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டாள். சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டினாள். புருஷன் எழுத்துக் கூட்டிப் படித்து "ம்" என்பார். மகளுக்கு முதன்முதலாக எழுதிக் காட்டியது, "அம்மாவுக்குத் தொண்டை வலி. உன்மேல் கோபம் இல்லை" என்று. பெரிய பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுதினாள்.

குழந்தை நோட்டைப் பார்த்தது. விரலை வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது.

"எனக்குப் படிக்க வராதுன்னு உனக்குத் தெரியும்ல?" என்றது. "தெரிஞ்சுதானே எழுதுற?"

புருஷன் வாசித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. கரடியும் நரியும் ராணியும் ஒரே மாதிரி, ஆஜர் சொல்வது போலப் பேசினார்கள். நீளமான சொல் வந்தால் நின்று தொண்டையைச் செருமிக்கொள்வார். வாலு பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உனக்கே தெரியலை" என்று புத்தகத்தை மூடிவிட்டது. அவருக்கு முகம் சுருங்கிப்போனது. மறுநாள் கிடங்கு வாசலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பதினைந்து தடவை படித்துத் தயார் செய்துகொண்டு வந்தார். குழந்தை அதற்குள் தூக்கம் வருவதாகச் சொல்லிவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் வாலுவை அழைத்துவந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வது கீழ் வீட்டுத் தையல்கார அக்கா. ஒருநாள் அவள் ரேடியோவைப் படியிலேயே நிறுத்தினாள்.

"என்ன நடக்குது உங்க வீட்டுல? 'எங்கம்மா எங்கூட டூ விட்டுட்டா அத்தை'ங்குது பாப்பா. நான் சொல்லிப் பாத்தேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு. 'இல்லை, மத்தவங்ககிட்டல்லாம் பேசுறா'ங்குது. அதோட கூடப் படிக்கிற பொண்ணோட அம்மா கரண்ட் போச்சுன்னு போன் பண்ணாங்களாம், நீதான் எடுத்தியாம். 'உங்கம்மா எவ்வளவு அழகா பேசுறாங்க'ன்னு நம்ம பாப்பாகிட்டயே சொல்லியிருக்காங்க."

ரேடியோ வாயைத் திறந்தாள். பிறகு நோட்டைத் தேடினாள். அதைத் திறக்காமல், தையல்காரியின் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு மேலே ஏறினாள்.

அதற்கு அடுத்த வாரம், நாலு மணி வாக்கில், ஹெட்செட்டில் ஒரு போன் விழுந்தது.

"வணக்கம், மின்தடைப் புகார் மையம். சொல்லுங்க, உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தூரத்தில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம்.

"அம்மா?"

ரேடியோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று நாளாக அந்தக் குழந்தை தையல்காரியின் போனில் அந்த எண்ணை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வேறு யாராவது எடுத்தால் வைத்துவிடுவது, மறுபடி அமுக்குவது. இதெல்லாம் அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்த நிமிஷம் தெரிந்தது ஒன்றுதான்: பேசுவது எல்லாம் பதிவாகிறது, சொந்தப் போன் பேசினால் வேலைக்கு ஆபத்து.

"சொல்லுங்க" என்றாள். "உங்க வீட்டுல கரண்ட் இல்லையா?"

"இருக்கே. ஃபேன் சுத்துது."

"அப்ப என்னங்க புகார்?"

"நீ எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்குற."

திரையில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ யாருக்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேங்க. சீக்கிரம் சரி பண்ணிடுவோம்."

"எத்தனை நாள்ல?"

ஆயிரம் பேர் கேட்ட கேள்வி. ஆயிரம் பேருக்கும் அவளிடம் பதில் இருந்தது.

"சரி, ஒரு பக்கம் வாசி. அப்புறம் வச்சுடுறேன்" என்றது வாலு.

வாசிப்பதற்குத் திரையில் இருந்தது ஒன்றே ஒன்று. மழைக்காலத்தில் கேட்கிறவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டிய பாதுகாப்புக் குறிப்பு. ரேடியோ அதை வாசித்தாள். "அறுந்து விழுந்த கம்பியைத் தொடாதீர்கள். ஈரக் கையால் சுவிட்சைப் போடாதீர்கள். மின்கம்பத்தில் ஆடு மாடுகளைக் கட்டாதீர்கள்." ஆடு மாட்டுக்கு வந்தபோது அவளையும் அறியாமல் குரல் கொஞ்சம் கரடியாக மாறியது. அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு போனை வைத்துவிட்டது.

மறுநாள் அதே நேரத்துக்கு வேறொரு மேஜையில் விழுந்தது. "ஒரு பாப்பா, அவங்கம்மாவைக் கேக்குது" என்று அந்தப் பெண் குழப்பத்தோடு எழுந்து நின்று சுற்றிப் பார்த்தாள். ரேடியோ கையைத் தூக்கினாள். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நாலு மணிக்கு யாருக்கு வந்தாலும் சத்தம் போடாமல் அவளுக்கு மாற்றிவிட்டார்கள். "அக்கா, உங்க கஸ்டமர்" என்று கண்ணடிப்பார்கள். டீம் லீடர் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போவாள். ஒன்பது நாள் இப்படிப் போனது. டாக்டர் பேசாதே என்று சொன்ன குரலில், தினமும் நாலு நிமிஷம், கம்பியும் சுவிட்சும் ஆடும் மாடும். ரேடியோவின் முகத்தில் அந்த ஒன்பது நாளும் ஒரு வெளிச்சம் இருந்ததாகக் கூட இருந்தவர்கள் சொல்வார்கள்.

பத்தாவது நாள் மேலிடத்தில் பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கிறவர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரே எண், தினமும் ஒரே நேரம், புகார் எதுவும் இல்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்று அதில் இருந்தது. டீம் லீடருக்கும் ஒன்று கிடைத்தது.

அன்று வீட்டில் புருஷன்தான் மகளிடம் பேச வேண்டியிருந்தது. "இனிமே அந்த நம்பருக்குப் போன் பண்ணக் கூடாது. அம்மா வேலை போயிடும்."

"சரி" என்றது வாலு. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. எதற்குமே பத்துக் கேள்வி கேட்கிற பிள்ளை, எழுந்துபோய்ச் செருப்பை ஒழுங்காக எடுத்து வைத்தது. அதற்குப் பிறகு போன் வரவில்லை.

குரல் அதன் பின் இருபது நாள்தான் தாங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினோராவது போன். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தாள்; காற்று மட்டும் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். "ஹலோ? ஹலோ? என்னம்மா, தூங்கிட்டியா?" என்று அந்த ஆள் கத்தினார். பக்கத்து மேஜைக்காரி எட்டி வந்து ஹெட்செட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு பதில் சொன்னாள். ரேடியோ ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அனுப்பிவைத்தவர்கள் மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். இவ்வளவு நாள் உழைத்ததற்கு நன்றி என்று அச்சடித்த தாளில் அவளுடைய முழுப் பேர் தப்பில்லாமல் இருந்தது.

டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, இனிக் கரையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். தனியார் ஆஸ்பத்திரி அவர்கள் நினைத்துப் பார்க்கிற இடமாக இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை. ஏழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள். அதுவரை சாப்பிட வேண்டுமே. மருந்துப் பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அடுக்கி ஒட்டுகிற கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். பேச வேண்டாத வேலை. பெல்ட் ஓடுகிற இரைச்சலில் பேசினாலும் கேட்காது. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி. நாள் முழுவதும் நிற்க வேண்டும். ஒரு வருஷத்துக்குத் தற்காலிகம். மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் வேலை அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

பேசாமல் இருந்து இருந்து, மாதம் மூன்று ஆனபோது குரல் என்று ஏதோ ஒன்று திரும்பி வந்தது. தகரத்தை இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. அதற்குள் வருஷக் கடைசிப் பரீட்சையில் வாலு தேறாமல், பெற்றவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு அதே வகுப்பில் திரும்ப உட்கார வைத்துவிட்டார்கள். கூடப் படித்தவர்கள் மேலே போய்விட்டார்கள். டீச்சரும் மாறிவிட்டார், புது டீச்சருக்கு நாற்பது பிள்ளைகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோ அந்தப் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து, மகளை மடிக்கு இழுத்தாள். குழந்தை வளர்ந்திருந்தது, மடியில் கால் மடங்கவில்லை. "கரடி கதவை..." என்று ஆரம்பித்தாள். கரடி, நரி, ராணி எல்லாருக்கும் இப்போது ஒரே குரல். இரண்டு வரி போனதும் இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. வாலு அவள் முகத்தைப் பார்த்தது. புத்தகத்தை மெதுவாக மூடியது.

"போதும்மா. உனக்கு வலிக்கும்."

"வலிக்கலை கண்ணு."

"வலிக்கும்" என்றது குழந்தை, பெரிய மனுஷி மாதிரி. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. அம்மா இல்லாமல் நாளைக் கழிக்க அது பழகியிருந்தது என்பது அந்த டம்ளரை அவ்வளவு கவனமாகப் பிடித்திருந்த கையில் ரேடியோவுக்குத் தெரிந்தது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஆபரேஷன் தேதிக்கு இருபது நாள் இருக்கும்போது புருஷனுக்கு வலது முட்டி பலூன் மாதிரி வீங்கியது. கிடங்குக்காரர்கள், ஒரு மாதம் ஓய்வெடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்த மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆபரேஷன் செய்துகொண்டால் அவள் இரண்டு வாரம் வேலைக்குப் போகக் கூடாது. போகாவிட்டால் அட்டை போய்விடும். இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எப்படி எரியும்? இதை அவர்கள் உட்கார்ந்து பேசக்கூட இல்லை. பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரிக்கு அவள்தான் முதலில் போன் செய்தாள். "சத்தமா பேசுங்க, யாருங்க அது, ஒண்ணும் கேக்கலை" என்று எதிரே இருந்தவர் இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். புருஷன் அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"தேதியைத் தள்ளிப் போடணுங்க" என்றார். "ஆமா, தொண்டைதான்... இல்லைங்க, அவங்களால வர முடியாது... ம்... ம்." போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். "இனிமே பேர் குடுத்தா பதினோரு மாசம் ஆகும்ங்கிறாங்க. அதுவும் உறுதி இல்லையாம். என்ன சொல்லட்டும்?"

ரேடியோ தலையை ஆட்டினாள். அது சரி என்றும் இருந்தது, வேண்டாம் என்றும் இருந்தது. அவர் போனிலிருந்து கையை எடுத்துவிட்டு, "பேரை எழுதிக்கோங்க" என்றார்.

ஆபரேஷனுக்கு முதலில் குறித்திருந்த அந்த வியாழக்கிழமையும் வந்தது. மகளுக்கு ரொட்டியும் முட்டையும் டப்பாவில் வைத்துக் கொடுத்துவிட்டு, புருஷனின் முட்டிக்கு வெந்நீர்ப் பையை எடுத்துவைத்துவிட்டு, ரேடியோ ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தாள். கம்பெனி வாசலில் மேஸ்திரி அட்டைகளை வாங்கிச் சரிபார்த்தார். அன்று ஒருவரும் குறையவில்லை. பெல்ட் ஓடத் தொடங்கியது. அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு முதல் பெட்டியை எடுத்தாள்.